நெடுந்தூர ஓட்டமும் அதைப் பற்றிய புத்தகங்களும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில், இரணைமடுக் குளத்திலிருந்து வரும் வாய்க்கால் ஓரமாகக் காலையில் ஓடுகிற சிலரில் நானும் ஒருவர். எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையில் ஓட்டத்தைப் பற்றிய புத்தகங்களுக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையதே. பாடசாலை மரதன் ஓட்டத்துக்குத் தயாராகும் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், சீனி வியாதிக்காக நடக்கத் தொடங்கி ஓட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் ஆகியோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன மறுமொழிகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு புத்தகத்தை வாசித்து ஒருவருக்கு ஓடும் எண்ணம் வருமா?

வரும். ஆனால் புத்தகம் நம்மைப் படலை வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு வரும்; படலையைத் திறந்து கிறவல் வீதியில் இறங்குவது நம்முடைய வேலை. "வாசித்தவுடன் எழும்பி ஓட வைக்கிற மாதிரி ஒன்று தாருங்கள்" என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். அப்படிப்பட்ட புத்தகங்களைக் கொண்டுபோனவர்களில், அடுத்த மாதமும் ஓடிக்கொண்டிருந்தவர்கள் மிகக் குறைவு என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பழந்தமிழில் ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகை உண்டு. பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வருகிற இன்னொருவனை வழியில் மறித்து, தான் போன வழியைச் சொல்லி அனுப்புவதே அதன் அமைப்பு. 583 அடிகள் கொண்ட மலைபடுகடாத்தில், பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே இருக்கும், பாம்பு உறையும் குழிகளை எப்படிக் கடப்பது, தினைப்புனத்துக் காவலர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் உங்கள்மேல் படாமலிருக்க மரங்களின் மறைவில் எப்படிப் போவது என்றெல்லாம் வழி சொல்லப்படுகிறது. வழி நல்லதென்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அந்தப் பாட்டுக்கு இவ்வளவு மதிப்பு இருந்திராது. ஓட்டத்தைப் பற்றிய நல்ல புத்தகமும் ஓர் ஆற்றுப்படைதான் என்பது என் எண்ணம். முன்னே போனவர் எங்கே தடுக்கினார், எந்த இடத்தில் அழுகை வந்தது, எந்த இடத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார் என்பவற்றை அது மறைக்காமல் சொல்ல வேண்டும். நான் புத்தகங்களைத் தெரிவு செய்வது இந்த ஓர் அளவுகோலை வைத்துத்தான்.

முதலில் எந்தப் புத்தகத்தை வாசிக்கலாம்?

ஜப்பானிய நாவலாசிரியர் ஹருகி முரகாமி எழுதிய 'வட் ஐ டோக் அபவுட் வென் ஐ டோக் அபவுட் ரன்னிங்'. 2007 இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்து, 2008 இல் ஆங்கிலத்துக்கு வந்த சிறிய புத்தகம். ஜாஸ் இசைக்கான மதுச்சாலை ஒன்றை நடத்திக்கொண்டு, நாளுக்கு 60 சிகரெட் புகைத்த ஒருவர், முழுநேர எழுத்தாளராகி, 1982 இல் தம்முடைய 33 ஆவது வயதில் ஓடத் தொடங்கிய கதை அது. நாற்பதை நெருங்கியவர்களுக்கு இதை நான் முதலில் கொடுப்பதற்குக் காரணம் அந்த வயதுதான்.

அதில் இரண்டு பகுதிகளை மட்டுமாவது வாசியுங்கள். முதலாவது, 1983 யூலையில் அவர் ஏதென்ஸ் நகரிலிருந்து மரதன் என்ற ஊருக்குத் தனியாக ஓடிய பகுதி. மரதன் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸுக்கு வெற்றிச் செய்தி கொண்டு ஓடியதாகப் பழைய கதையில் வருகிற தூதுவனின் திசைக்கு எதிர்த்திசையில், கிரேக்க நாட்டுக் கோடை வெயிலில், சுமார் 40 கிலோமீற்றர். வீதியோரத்தில் அடிபட்டுக் கிடந்த நாய்களையும் பூனைகளையும் எண்ணிக்கொண்டே ஓடுகிறார்: மூன்று நாய்கள், பதினொரு பூனைகள். வியர்வை வடிந்து காய்ந்து தோலில் உப்பாகப் படிகிறது. குளிர்ந்த பியரை நினைத்து நினைத்து ஓடியவர், ஊர் போய்ச் சேர்ந்து அதைக் குடித்தபோது, ஓடும்போது நினைத்த அளவுக்கு அது ருசிக்கவில்லை என்று எழுதுகிறார். பரந்தனிலிருந்து ஆனையிறவை நோக்கி, நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத அந்த வெளியில், இரண்டு பக்கமும் உவர்நிலம் வெளுத்துக் கிடக்க, சோளகக் காற்று அடிக்க ஓடியவர்களுக்கு இந்தப் பக்கங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாவது, 1996 யூனில் ஹொக்கைடோத் தீவின் சரோமா ஏரிக்கரையில் அவர் ஓடிய 100 கிலோமீற்றர். 55 ஆவது கிலோமீற்றர் வரை ஒருவாறு போய்விடுகிறார். அங்கிருந்து 75 வரை உடம்பின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு விதமாக முறையிடுகிறது. தான் மனிதனே இல்லை, ஓர் இயந்திரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கால்களை நகர்த்துகிறார். 75 இற்குப் பிறகு ஏதோ ஒரு சுவரைத் தாண்டி மறுபக்கம் வந்துவிட்டதுபோல வலி விலகுகிறது. 11 மணி 42 நிமிடத்தில் ஓடி முடிக்கிறார். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு அடுத்து வருவது: அந்தப் பந்தயத்துக்குப் பிறகு ஓட்டத்தின் மீது முன்பிருந்த ஆசை அவரைவிட்டு நீண்ட காலத்துக்கு விலகிப் போய்விடுகிறது. பாடசாலை மரதன் ஓட்டத்தில் இரண்டாம் இடம் பெற்ற மாணவி ஒருவர், பரிசளிப்பு முடிந்து இரண்டு மாதமாகச் சப்பாத்தைத் தொடவே மனம் வரவில்லை என்று வெட்கத்தோடு என்னிடம் சொன்னபோது, நான் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் நின்றபடியே அதை வாசித்து முடித்தார்.

ஆங்கிலம் அவ்வளவாக வராது. வாசிக்க முடியுமா?

முடியும், ஆனால் பாடப்புத்தகத்தை வாசிக்கிற மாதிரி வாசிக்கக்கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் களைத்துவிடுவீர்கள். நாளுக்கு இரண்டு பக்கம் போதும். ஓட்டத்தில் தொடக்கக்காரருக்கு எவ்வளவு தூரம் சொல்கிறோமோ அந்த அளவு. அமெரிக்கப் புத்தகங்களில் தூரம் மைலில் இருக்கும், 1.6 ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் வரும். "சுவரில் மோதுவது" என்று ஓட்டக்காரர் சொல்வது, ஏறக்குறைய 30 ஆவது கிலோமீற்றருக்குப் பிறகு, தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாச்சத்துத் தீர்ந்துபோய்க் கால் இரும்பாகக் கனப்பதைத்தான். இப்படி ஒரு பத்துப் பதினைந்து சொற்கள் பிடிபட்டுவிட்டால், மீதி தானாக வரும்.

எங்களிடம் இன்னொரு வழியும் உண்டு. சனிக்கிழமை ஓட்டம் முடிந்தபின் குளக்கட்டில் இருந்து, ஒருவர் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் வாசிப்பார், இன்னொருவர் தமிழில் சொல்லுவார், மற்றவர்கள் பிளேன்ரீ குடித்தபடி கேட்பார்கள். சொல்லுகிறவர் பிழையாகச் சொன்னாலும் எவரும் திருத்துவதில்லை. ஆனால் கால் வலியைப் பற்றிய இடம் வந்தால் எல்லாருமே திருத்தத் தொடங்கிவிடுவார்கள்.

'போர்ன் டு ரன்' வாசித்தேன். நானும் வெறுங்காலுடன் ஓடலாமா?

இந்தக் கேள்விக்கு என் சொந்த அனுபவத்திலிருந்தே மறுமொழி சொல்கிறேன். கிறிஸ்டோபர் மக்டூகல் 2009 இல் எழுதிய இந்தப் புத்தகம், மெக்சிக்கோவின் செப்புப் பள்ளத்தாக்குகளில் வாழும் ராராமுரி என்ற மக்களைப் பற்றியது. பழைய வாகன டயரை வெட்டித் தோல் வாரால் கட்டிய செருப்போடு மலைப்பாதைகளில் நாள்கணக்காக ஓடக்கூடியவர்கள். 2006 இல் அங்கே நடந்த பந்தயத்தில், அமெரிக்காவின் வெஸ்ரேண் ஸ்ரேட்ஸ் நூறு மைல் ஓட்டத்தை 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற ஸ்கொட் ஜூரெக்கை, ஆர்னுல்ஃபோ என்ற ராராமுரி இளைஞர் முந்தினார். வாசிக்கும்போது கையில் புத்தகம் நிற்காது.

நான் அதை ஒரு ஞாயிறன்று வாசித்து முடித்து, திங்கட்கிழமை காலை சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வாய்க்கால் வீதியில் எட்டுக் கிலோமீற்றர் ஓடினேன். சிறுவயதில் வெறுங்காலோடு திரிந்த கால்தானே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பாதத்தின் மேற்பக்கம் வீங்கி, ஆறு வாரம் நடக்கவே நொண்டினேன். பல ஆண்டுகளாகச் சப்பாத்துக்குப் பழகிய பாத எலும்பும் குதிக்கால் நரம்பும் ஒரு நாளில் பழையபடி மாறிவிடாது. மாறவேண்டுமானால் புல்வெளியில் சில நூறு மீற்றரில் தொடங்கி மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தப் புத்தகம் வெளிவந்தபின் மெல்லிய அடியுள்ள சப்பாத்துகளுக்கு உலகமெங்கும் பெரிய மோகம் எழுந்ததும், அப்படிப்பட்ட சப்பாத்து காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்த நிறுவனம் ஒன்று அமெரிக்காவில் வழக்குக்கு உள்ளாகி, 2014 இல் வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்க இணங்கியதும் நடந்தவை.

வெறுங்கால் என்றதும் எல்லாரும் எதியோப்பியாவின் அபெபே பிகிலாவைச் சொல்வார்கள். 1960 இல் றோம் ஒலிம்பிக் மரதனை அவர் வெறுங்காலோடு ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் வென்றது உண்மை. 1964 இல் ரோக்கியோவில் அதே பிகிலா சப்பாத்தோடு ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மறுபடி வென்றார். இரண்டுமே அந்தந்தக் காலத்தின் உலகச் சாதனைகள். ஆகவே காலில் எது சுகமோ அதை அணியுங்கள்.

மகள் ஓட விரும்புகிறாள். பெண்பிள்ளை வீதியில் ஓடினால் சனம் கதைக்காதா?

கதைக்கும். சில மாதங்கள் கதைத்துவிட்டு நிறுத்தும். தாய்மார் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நான் கத்ரின் சுவிட்சரின் 'மரதன் வுமன்' என்ற புத்தகத்தை அவர்கள் கையில் கொடுப்பேன். 1967 இல் பொஸ்ரன் மரதன் ஓட்டத்துக்குத் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்த அவர், 261 என்ற இலக்கத்தோடு ஓடிக்கொண்டிருந்தபோது, போட்டி அலுவலர் ஒருவர் பின்னாலிருந்து பாய்ந்து அந்த இலக்கத்தைப் பிய்த்தெடுக்க முயன்றார். அவர் நிற்கவில்லை, ஓடி முடித்தார். பெண்களை அந்த ஓட்டத்தில் முறைப்படி சேர்த்தது 1972 இல்தான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் வந்தது 1984 இல். பெரிய நாடுகளிலும் சனம் கதைத்தது, கதைத்ததோடு மட்டும் நிற்கவும் இல்லை என்பதைத் தாய்மார் அறிவது நல்லது.

கடல்கடந்த உதாரணம் வேண்டாம் என்றால், 2023 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியிலிருந்து 72 வயதில் தங்கப் பதக்கத்தோடு முள்ளியவளைக்குத் திரும்பி வந்த அம்மாவைச் சொல்கிறேன். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் வாசிகசாலையில் பத்திரிகை கைமாறிக் கைமாறி மாலைக்குள் கிழிந்துவிட்டது. மகள் தனியாக ஓட வேண்டாம். இரண்டு மூன்று பிள்ளைகளாக ஓடட்டும், அல்லது தகப்பனோ தமையனோ சைக்கிளில் கூடப் போகட்டும். மரதன் ஓட்டத்தன்று ஊரே வீதிக்கு வந்து தோடம்பழமும் குளுக்கோசும் கொடுக்கிறோம். மற்ற நாள்களில் ஒரு சைக்கிளாவது கூடப் போகக் கூடாதா?

ஓடுவது என்றாலே வீட்டில் பெரியவர்களுக்குப் பழைய நினைவு வருகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வியை வேறெங்கும் கேட்பார்களோ தெரியாது; வன்னியில் இதைப் பல பேர் கேட்டிருக்கிறார்கள். 2008 இன் கடைசியிலும் 2009 இன் தொடக்கத்திலும், இறுதிப் போரின்போது, கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு போனவர்களின் பேச்சில் 'ஓடினது' என்ற சொல்லுக்கு ஒரு பொருள்தான் உண்டு. நான் முதன்முதலில் ஓடிவிட்டு வந்து மூச்சிரைக்கப் படலையைத் திறந்தபோது, முற்றம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, "என்ன, என்ன நடந்தது?" என்று கேட்டபடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் வீட்டுக்கு ஐம்பது மீற்றர் முன்பாகவே நின்று, மூச்சை அடக்கி, நடந்து வந்துதான் படலையைத் திறக்கிறேன். முதலில் இதைச் செய்யுங்கள். வெளிக்கிடுவதற்கு முன் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

புத்தகம் என்றால், லோப்பெஸ் லொமொங் எழுதி 2012 இல் வெளிவந்த 'ரன்னிங் ஃபோர் மை லைஃப்'. சூடானில் ஆறு வயதில் ஆயுததாரிகளால் கடத்தப்பட்டு, இன்னும் சில சிறுவர்களோடு தப்பி, இரவு பகலாக ஓடி எல்லையைக் கடந்து கென்யாவின் ககுமா அகதி முகாமில் பத்து ஆண்டுகள் வளர்ந்தவர். அந்த முகாமிலும் அவர் ஓடினார். ஓடிய நேரத்தில் பசியை மறக்க முடிந்தது என்கிறார். 2000 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை, காசு கொடுத்து ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் பார்த்த அந்தச் சிறுவன், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் அமெரிக்காவின் கொடியை ஏந்திச் சென்றார். உயிருக்காக ஓடிய அதே கால்கள் பின்னர் விருப்பத்தால் ஓடியதை, ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்லாமல், இரண்டையும் அவர் எழுதியிருக்கிறார். இதைப் பெரியவர்களிடம் திணிக்க வேண்டாம். நான் அம்மாவிடம் முகாம் பகுதியை மட்டும், அதுவும் அவரே கேட்ட ஒரு மத்தியானத்தில், தமிழில் சொன்னேன். கேட்டு முடித்தபின், "அங்கேயும் தண்ணிக்கு வரிசையோ?" என்று மட்டும் கேட்டார்.

செயற்கைக் காலோடு இருப்பவருக்குப் பொருத்தமான புத்தகம் உண்டா?

உண்டு, எங்கள் தட்டில் மிகக் கூடுதலாகக் கொண்டுபோகப்பட்டதும் அதுதான். கனடாவின் ரெரி ஃபொக்ஸைப் பற்றி லெஸ்லி ஸ்கிரிவனர் 1981 இல் எழுதிய வரலாறு. எலும்புப் புற்றுநோயால் 1977 இல் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர் அவர். சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு, அவருடைய பயிற்றுநர் ஓட்டச் சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்; செயற்கைக் காலோடு நியூயோர்க் மரதனை ஓடிய ஒருவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. ஒரு சஞ்சிகையின் சில பக்கங்கள் என்ன செய்யக்கூடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் எனக்குத் தெரியாது. இங்கேயும் படலை வரைக்கும்தான் அந்தப் பக்கங்கள் வந்தன. அதன் பிறகு அவர் பதினான்கு மாதம், 5,000 கிலோமீற்றருக்கு மேல், பயிற்சி செய்தார்.

1980 ஏப்ரல் 12 அன்று கனடாவின் கிழக்குக் கரையில் தொடங்கி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதற்காக, நாளுக்கு ஏறக்குறைய ஒரு மரதன் தூரம் என்று 143 நாள்கள், 5,373 கிலோமீற்றர் ஓடினார். நல்ல காலால் இரண்டு எட்டு, செயற்கைக் காலால் ஓர் எட்டு என்ற தாளத்தில் அந்த ஓட்டம் இருக்கும். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டெம்பர் 1 அன்று நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு யூனில், 22 வயதில், இறந்தார். கனடாவில் இருக்கும் நம் உறவுகளின் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் பாடசாலையில் அவர் பெயரால் ஓடுகிறார்கள், கேட்டுப்பாருங்கள், சொல்லுவார்கள்.

இந்தப் புத்தகத்தைக் கொடுக்கும்போது நான் ஒன்று சொல்வதுண்டு. அவருடைய தூரத்தைப் பார்க்காதீர்கள். செயற்கைக் காலின் கிண்ணத்தில் தசை உராய்ந்து புண்ணான இடங்களை, அதை அவர் எப்படிச் சமாளித்தார் என்பதை வாசியுங்கள். புண் வந்தால் ஓட்டத்தை நிறுத்திக் காலைச் செய்து தந்தவர்களிடம் காட்டுங்கள்.

கதை, நாவல் இல்லையா?

அலன் சிலிட்டோ 1959 இல் வெளியிட்ட நெடுங்கதை ஒன்று போதும். ஆங்கிலத்தில் 'நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை' என்று பொருள்படும் தலைப்பு. இங்கிலாந்தின் இளைஞர் சீர்திருத்தப் பள்ளியொன்றில் அடைக்கப்பட்ட பையன் ஒருவனை, வெற்றிக் கிண்ணம் தம் பள்ளிக்கு வரவேண்டும் என்பதற்காக மேலதிகாரி ஓட விடுகிறார். விடியப்புறத்தில், குளிரில், வயல்களுக்கூடாகத் தனியாக ஓடும் அந்த நேரம் மட்டுமே அவனுக்குச் சொந்தம். பந்தயத்தில் எல்லாருக்கும் முன்னால் வந்து, முடிவுக்கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். மெய்வல்லுநர் போட்டியில் இல்லத்துக்குப் புள்ளி வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளை ஓட வைக்கிற எங்களைப் போன்ற பெரியவர்கள் இதை ஆண்டுக்கொரு முறை வாசிக்க வேண்டும்.

எங்களவர்களைப் பற்றிய புத்தகம் எங்கே?

நெடுந்தூர ஓட்டத்தில், எங்கள் தட்டில் இன்னும் இல்லை. 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், செக் நாட்டின் எமில் சாட்டோபெக் 5,000, 10,000 மீற்றர்களையும், வாழ்க்கையில் அதற்கு முன் ஓடியே இராத மரதனையும் ஒரே வாரத்துக்குச் சற்றுக் கூடிய காலத்தில் வென்றார். அதே ஒலிம்பிக்கில் யாழ்ப்பாணத்து இளைஞர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்தார் என்பதையும், அவரே 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தை வென்றார் என்பதையும் நான் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொல்வேன். தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் தொடங்கி, வற்றாப்பளையில் தங்கி, கிழக்குக் கரை வழியாகக் கதிர்காமம் வரை வாரக்கணக்கில் நடக்கும் பாதயாத்திரிகர்களும் இந்த வழியால்தான் போகிறார்கள். அவர்களில் ஒருவர் காலில் கொப்புளம் வந்த நாளை எழுதிக்கொடுத்தாலும் தட்டில் வைப்பேன்.

பயிற்சி நூல்களில் உள்ள அட்டவணையை அப்படியே பின்பற்றலாமா?

கூடாது. அவை பெரும்பாலும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. நியூசிலாந்தின் ஆதர் லிடியார்ட் தம் மாணவர்களை வாரத்துக்கு 160 கிலோமீற்றர் வரை ஓட வைத்து, 1960 செப்டெம்பர் 2 அன்று, ஒரே நாளில், பீற்றர் ஸ்னெல் 800 மீற்றரிலும் முரே ஹல்பேர்க் 5,000 மீற்றரிலும் ஒலிம்பிக் தங்கம் வெல்லச் செய்தார். அந்த 160 ஐ எடுக்காதீர்கள். அவர் சொன்ன இன்னொன்றை எடுங்கள்: பக்கத்தில் ஓடுபவரோடு கதைத்தபடி ஓடக்கூடிய வேகமே பெரும்பாலான நாள்களுக்குப் போதும்.

வெயில் காலத்தில் அட்டவணையின் வேகத்தைத் தள்ளி வையுங்கள். வெக்கைக்கு உடம்பு பழக இரண்டு வாரமளவில் எடுக்கும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட ஓட்டங்களில் அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் உப்புக் குறைந்து உயிர் போனவர்கள் உண்டு என்பதைத் தென்னாபிரிக்க மருத்துவர் ரிம் நோக்ஸ் 2012 இல் ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். எந்தப் புத்தகமும் சொல்லாத இரண்டு விடயங்களை நான் சொல்கிறேன்: யானை நடமாடும் பகுதிகளில் நிலம் நன்றாக வெளித்த பிறகே வெளிக்கிடுங்கள், பாதை குறுக்கே என்று காட்டுக்குள் இறங்காதீர்கள், மிதிவெடிப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சனம் புழங்கும் வீதியை விட்டு விலக வேண்டாம்.

ஓடும்போது புத்தகத்தைக் கைப்பேசியில் கேட்கலாமா?

எங்கள் வீதிகளில் வேண்டாம். உழவு இயந்திரமும் யானையும் பின்னால் வருவதைக் காதுதான் முதலில் சொல்லும்.

புத்தகம் தந்த உற்சாகம் மூன்று நாளில் வடிந்துவிடுகிறது. என்ன பிழை?

பிழை ஒன்றும் இல்லை. மாரியில் குளம் வான் பாயும்போது பார்க்கக் கூட்டம் கூடுகிறது, சித்திரையில் அதே குளத்தின் வெடித்த அலைகரையைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. உற்சாகமும் அப்படித்தான். ஆனால் வயலுக்குத் தண்ணீர் போவது வான் பாய்ந்த தண்ணீரால் அல்ல, துருசைத் திறந்து கணக்காக விடும் தண்ணீரால்தான். நான் சொல்வது இதுதான்: புத்தகத்தை ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். ஓடி வந்து, குளித்து, பழஞ்சோறோ குரக்கன் புட்டோ சாப்பிட்ட பிறகு இரண்டு பக்கம் வாசியுங்கள். ஓடாத நாளில் வாசிக்காதீர்கள். இப்படிச் செய்தால் அந்தச் சிறிய முரகாமி புத்தகமே நான்கு மாதம் வரும். நான்கு மாதம் ஓடியவருக்குப் பிறகு புத்தகத்தின் தயவு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வெற்றி பெற்ற பக்கங்களைத் தவிர்த்து, மழையில் தனியாக ஓடிய, காயப்பட்டு வீட்டில் இருந்த, பாதியில் விட்டுவிட்டு வந்த பக்கங்களைத் தேடி வாசியுங்கள். உங்களுக்கு வரப்போகும் நாள்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே.

வாசிகசாலைப் புத்தகத்தில் எழுதலாமா?

மற்றத் தட்டுகளில் கூடாது. இந்தத் தட்டில் பென்சிலால் எழுதலாம். திகதி, ஓடிய தூரம், அன்று நடந்தது, இவ்வளவு போதும், பெயர் வேண்டாம். முரகாமி புத்தகத்தில் 55 ஆவது கிலோமீற்றர் வரும் பக்கத்தின் ஓரத்தில் இப்போது நான்கு கையெழுத்துகள் இருக்கின்றன. ஒருவர், "மாங்குளம் வீதி, 16 கி.மீ., தண்ணி முடிஞ்சுது" என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறொருவர், சின்ன எழுத்தில், "பாலமரத்துக்குப் பக்கத்து வீட்டில் கேள், தருவினம்" என்று எழுதியிருக்கிறார்.